போலி சொன்ன சாட்சி

போலி என்ற சொல்லுக்கு உலகில் நல்ல பெயர் இல்லை. போலி மருந்து, போலிச் சான்றிதழ், போலிச் சாமியார் என்று கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் காதில் விழுந்ததுமே முகம் சுளிக்கப் பழகிவிட்டோம். ஆனால் நான் பயிலும் கணினித் துறையில் போலிக்கு மதிப்பான ஓர் இடம் உண்டு. நாள்தோறும் போலிகளை ஆக்குவதும், அவற்றைத் துணையாகக் கொண்டு மெய்யான நிரல்களைச் சோதிப்பதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி. அந்தப் போலியின் சிறப்பையும், அது சில வேளைகளில் சொல்லும் பொய்ச் சாட்சியையும் பற்றி எழுதலாம் என்று எண்ணுகிறேன். வரலாறும் பொருளாதாரமும் தாவரவியலும் பயிலும் நண்பர்கள் படிக்கும் ஏடு இது. ஆகையால் எல்லார்க்கும் விளங்கும்படி எழுத வேண்டும் என்று மலர்க் குழுவினர் கட்டளை இட்டிருக்கிறார்கள். முயல்கிறேன்.

ஓர் இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்துகிறோம். அதன் பிறகு திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? மூவர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நம் கோரிக்கையை வாங்கி, யாரிடம் அனுப்ப வேண்டுமோ அவரிடம் அனுப்புகிறார், அவர் 'கன்ட்ரோலர்'. ஒருவர் நம் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை வரைகிறார்; அவர் 'வியூ'. மூன்றாமவரே முதன்மையானவர். விவரங்களையும் அவற்றுக்குரிய விதிகளையும் காப்பவர் அவர். வயது சரியா, மதிப்பெண் நூறைத் தாண்டுகிறதா என்று பார்ப்பவரும், தரவுத்தளம் என்னும் பெட்டகத்தின் சாவியை இடுப்பில் செருகியிருப்பவரும் அவரே. அவர் பெயர் 'மாடல்'. இந்த முப்பிரிவை 1979-இல் நார்வே நாட்டு அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வகுத்தார். 2004-இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன் என்ற டென்மார்க்கு நாட்டு இளைஞர் வெளியிட்ட 'ரூபி ஆன் ரெயில்ஸ்' என்னும் கருவித் தொகுதி இந்தப் பிரிவை இணையதளங்களில் பரவச் செய்தவற்றுள் ஒன்று.

எழுதிய நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு நிரல் எழுதுவோம். அதுவே 'டெஸ்ட்', அதாவது சோதனை. சரியென்றால் திரையில் பச்சை; தவறென்றால் சிவப்பு. பச்சையைக் கண்டால்தான் எங்களுக்கு இரவில் உறக்கம் வரும்.

இனிப் போலிக்கு வருவோம். நம் சங்கத்தின் பொங்கல் விழா நாடக ஒத்திகையை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் ஆய்வுக்கூடத்தில் மாட்டிக்கொண்டான், வரவில்லை. அதற்காக ஒத்திகை நின்றுவிடுகிறதா? யாரோ ஒருவர் கையில் தாளோடு அவன் இடத்தில் நின்று, அவன் வசனத்தைப் படிக்கிறார். நடிப்பு வேண்டாம், அழுகை வேண்டாம், எதிரில் இருப்பவர் தம் பகுதியைப் பழகிக்கொண்டால் போதும். கேட்ட இடத்தில், எழுதிக் கொடுத்த விடையை மட்டும் சொல்லும் இத்தகைய ஆளுக்கு எங்கள் தொழிலில் 'ஸ்டப்' என்று பெயர். அதே இடத்தில் இன்னொருவரை நிறுத்துகிறோம். அவர் வசனமும் படிக்கிறார். அதோடு எதிரில் இருப்பவர் தம்மைச் சரியான இடத்தில், சரியான சொல்லால், ஒரே ஒரு முறை அழைத்தாரா என்று கணக்கும் வைக்கிறார். அழைக்கத் தவறினால் ஒத்திகையையே நிறுத்திவிடுகிறார். இவர் 'மாக்'.

இப்படி மாற்றாக நிற்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'டெஸ்ட் டபுள்' என்ற பெயரை ஜெரார்ட் மெஸாரோஸ் 2007-இல் வெளியிட்ட தம் நூலில் நிலைநிறுத்தினார். திரைப்படத்தில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதிப்பவரை நாம் 'டூப்' என்கிறோமே, அந்த உவமையிலிருந்து பிறந்த பெயர்தான் அது. அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், மக்கின்னன், ஃப்ரீமன், கிரெய்க் என்னும் மூவர் மாக் பொருள்களைப் பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தார்கள். மாக் வேறு, ஸ்டப் வேறு என்று விளக்குவதற்காகவே மார்ட்டின் ஃபௌலர் 2004-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

மெய்யான மாடல் இருக்கும்போது போலி எதற்கு என்று கேட்பீர்கள். காரணங்கள் உண்டு. பெட்டகத்தைத் திறந்து மூடுவதற்கு நேரம் ஆகும். ஒரு முறை என்றால் கண் இமைக்கும் நேரந்தான். ஆயிரம் சோதனைகள், நாளுக்கு ஐம்பது முறை என்றால் வேலை கெடும். கட்டணம் வாங்கும் பகுதியைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் வங்கிக் கணக்கிலிருந்து மெய்யான பணத்தை எடுக்க முடியுமா? 'விண்ணப்பம் கிடைத்தது' என்ற மடலைச் சோதனைக்காக ஊரெல்லாம் அனுப்ப முடியுமா? வங்கி மறுத்தால் நம் தளம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆனால் நாம் விரும்பும் நேரத்தில் மறுக்கும்படி வங்கியிடம் வேண்டிக்கொள்ள முடியாது. போலி வங்கியிடம் 'மறுத்துவிடு' என்றால் மறுத்துவிடும். கன்ட்ரோலரைச் சோதிக்கையில் கன்ட்ரோலரின் பிழை மட்டும் தெரிய வேண்டும். மாடலின் பிழை அதில் வந்து கலக்கக் கூடாது என்ற நியாயமும் உண்டு. இவ்வளவு நன்மை செய்வதால்தான் போலியை நாங்கள் போற்றுகிறோம்.

ரெயில்ஸ் தளங்களைச் சோதிக்கும் 'ஆர்ஸ்பெக்' என்ற கருவியில் மாடலுக்கென்றே இரண்டு வகைப் போலிகள் இருந்தன: 'மாக் மாடல்', 'ஸ்டப் மாடல்'. 2014-இல் ஆர்ஸ்பெக்கின் மூன்றாம் பதிப்பு வந்தபோது இரண்டையும் தனித் துணைத் தொகுதியாகப் பிரித்து வைத்தார்கள். பழைய தளங்களில் இன்றும் காணலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். மாக் மாடல் முழுப் போலி. மாடலின் சட்டையை மட்டும் அணிந்துகொண்டு நிற்கும். நாம் சொல்லிக் கொடுக்காத எதையேனும் கேட்டால் 'எனக்குத் தெரியாது' என்று சோதனையைச் சிவப்பாக்கும். ஆனால் 'நீ செல்லத்தக்கதா?' என்ற கேள்விக்கு, மாற்றிச் சொல்லும்படி நாம் கட்டளை இடாத வரையில், 'ஆம்' என்றே விடை சொல்லும். அப்படித்தான் அதைப் படைத்திருக்கிறார்கள். ஸ்டப் மாடலோ பாதி மெய். அது மெய்யான மாடல் வகுப்பிலிருந்தே பிறந்த பொருள். அதன் விதிகள் எல்லாம் அதற்குள் உயிரோடு இருக்கும். பெட்டகத்தின் பக்கம் போகக் கூடாது என்று மட்டும் கையைக் கட்டியிருப்பார்கள். போனால் அங்கேயே தடுத்துப் பிழை காட்டும்.

இதுவரை சொன்னது பாடப் புத்தகத்தில் உள்ளது. இனிச் சொல்லப் போவது நான் கண்டது.

சென்ற கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பயிற்சிக்காக இங்கே ஓர் அலுவலகத்தில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பத் தளம் நடத்தித் தருவது அவர்கள் பணிகளுள் ஒன்று. நான் கடைக்குட்டி, ஆகவே குறை சொல்லி வரும் மடல்களைப் படிப்பது என் வேலை. ஒரு நாள் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியிருந்தாள். மூன்று நாளாக விண்ணப்பத்தை அனுப்புகிறாளாம். பொத்தானை அழுத்தினால் அதே பக்கம் மீண்டும் வந்து நிற்கிறதாம். ஏன் என்று ஒரு சொல்லும் இல்லையாம். கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாளே இருந்தது.

தமிழ் தெரிந்தவன் அங்கே நான் ஒருவனே. தொலைபேசியில் பேசினேன். "எங்க ஊர் நெட்டுதான் சரியில்லைன்னு நெனச்சேன் அண்ணா. பஸ் ஏறி டவுனுக்குப் போய் சென்டர்ல மூணு தடவை போட்டுப் பார்த்தேன். அங்கேயும் இப்படித்தான் வருது" என்றாள். பேருந்துக் கட்டணம், கணினி நிலையத்துக் கட்டணம், ஒரு நாள் கல்லூரி. உதவித்தொகை கேட்கப் போனவளுக்கு இத்தனையும் செலவு.

அவள் பெயர் ஒரே சொல். அதற்கு முன்னால் தந்தை பெயரின் முதல் எழுத்து ஒன்று. நம்மில் பலருக்கு அப்படித்தானே? படிவத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் இருந்தது. அந்த ஓரெழுத்தை அதில் போட்டாள், படிவம் திரும்பியது. காலியாக விட்டாள், திரும்பியது. தந்தையின் முழுப் பெயரை எழுதலாமே என்றால், சான்றிதழில் உள்ளபடி பெயர் இல்லாத விண்ணப்பம் தள்ளப்படும் என்று அதே பக்கத்தில் எச்சரித்திருக்கிறார்கள். மூன்று வழியும் அடைப்பு.

தளத்தைக் கட்டியவர்களுள் ஒருவரான மூத்த பொறியாளரிடம் சொன்னேன். அவர் லக்னோப் பக்கத்துக்காரர்; நல்ல மனிதர்; எனக்குத் தேநீர் வாங்கித் தராமல் தாம் குடிக்க மாட்டார். "சோதனை எல்லாம் பச்சையாக இருக்கிறதே" என்றார். நூற்றுக்கு மேற்பட்ட சோதனைகள், அத்தனையும் பச்சை. அவர் சொன்னதில் பொய் இல்லை. பிறகு இருவரும் உட்கார்ந்து அந்தச் சோதனைகளை ஒவ்வொன்றாகப் படித்தோம்.

விண்ணப்பதாரருக்கு அங்கே ஒரு மாக் மாடல் இருந்தது. அதற்குப் பெயர் உண்டு. சர்நேமும் உண்டு: வர்மா. 'சேமி' என்றால் 'சேமித்தேன்' என்று சொல்லும்படி கட்டளை. அது கேட்டதும் கன்ட்ரோலர் நன்றிப் பக்கத்துக்கு அனுப்புகிறதா? அனுப்புகிறது. பச்சை. சர்நேம் இரண்டு எழுத்துக்குக் குறையக் கூடாது என்ற விதியை, தளம் கட்டிச் சில காலம் கழித்து மாடலில் சேர்த்திருக்கிறார்கள். விதி வந்தபோது மெய்யான மாடல் மாறியது, போலி மாறவில்லை. எவரும் அதனிடம் சொல்லவில்லை. வர்மா வழக்கம்போல் 'சேமித்தேன்' என்றார், பச்சை எரிந்தது.

விண்ணப்பம் தள்ளப்படும் வழிக்கும் ஒரு சோதனை இருந்தது. போலியிடம் 'சேமிக்க மறுத்துவிடு' என்று சொல்லியிருந்தார்கள். அது மறுத்தது, கன்ட்ரோலர் படிவத்தை மீண்டும் காட்டச் சொன்னது, பச்சை. ஆனால் எதற்காக மறுத்தாய் என்று போலியிடம் யார் கேட்டார்கள்? அதன் பிழைப் பட்டியலோ வெறுமையாக இருந்தது. அன்றியும், ஆர்ஸ்பெக்கின் கன்ட்ரோலர் சோதனையில், நாம் வேண்டிக் கேட்டாலொழியப் பக்கம் முழுதாக வரையப்படுவதில்லை. மெய்யான பக்கத்தில் சர்நேம் கட்டத்தின் கீழே பிழையைச் சொல்ல இடமே வைக்கவில்லை என்பது இந்த இரட்டைத் திரைக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. அந்த மாணவி மூன்று நாளாகப் பார்த்த ஊமைப் பக்கம் அதுதான்.

பழி முழுவதையும் போலியின் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. விதிக்கென்று மெய்யான மாடலை வைத்தே ஒரு சோதனை இருந்தது. 'ஓரெழுத்து சர்நேமை மறுக்கிறதா?' என்று அது கேட்டது. 'மறுக்கிறது' என்று விடை வந்தது. பச்சை! கேள்வியே கோணலாக இருந்தால் மெய்யும் என்ன செய்யும்?

மூத்தவர் என்னைப் பார்த்து, "சர்நேம் இல்லாமல் உங்கள் ஊரில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?" என்று கேட்டார். கேலி இல்லை; மெய்யாகவே அவருக்கு வியப்பு. நான் அவரை ஒரு கேள்வி கேட்டேன்: "சி. வி. ராமனின் சர்நேம் என்ன?" "ராமன்" என்றார் உடனே. "அது அவருக்கு வைத்த பெயர். சந்திரசேகர் என்பது அவர் தந்தையார் பெயர். ராமனின் அண்ணன் மகன்தான் நட்சத்திரங்களின் எடைக்கு எல்லை கண்ட சுப்பிரமணியன் சந்திரசேகர். அவரிடத்தில் முன்னால் நிற்கும் சுப்பிரமணியன் தந்தை பெயர். சந்திரசேகர் அவருடைய பெயர். 1930-இல் சித்தப்பாவும் 1983-இல் மகனும் நோபல் பரிசு பெற்றார்கள். ஒரே குடும்பம், உலகம் அவர்களுக்குக் கொடுத்த சர்நேம் இரண்டு" என்றேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

நம் பெயர்களின் பின்னால் இருக்கும் வரலாற்றையும் சொன்னேன். பெயரின் வாலாகச் சாதிப் பட்டத்தை ஒட்டிக்கொள்வது நம் நாட்டிலும் இருந்ததுதான். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அந்தப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தது. நாளடைவில் பட்டம் உதிர்ந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே நின்றன. அந்தக் கட்டம் காலியாக இருப்பது மறதியால் நேர்ந்ததன்று. முன்னோர் மனமறிந்து காலியாக விட்ட இடம் அது. அதை நிரப்பு என்று ஒரு கணினி வற்புறுத்தும்போது, எதை நிரப்பச் சொல்கிறது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இது தமிழருக்கு மட்டும் உள்ள தொல்லையும் அன்று. இந்தோனேசியாவின் சுகர்னோவுக்கும் சுகார்த்தோவுக்கும் ஒரே பெயர்தான். 1961 முதல் 1971 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராக விளங்கிய பர்மாவின் ஊ தாண்ட் அவர்களின் பெயரில் 'ஊ' என்பது மரியாதைச் சொல். 'தாண்ட்' ஒன்றே பெயர். கட்டம் கேட்கும் விதி பெரிய வாயில்களிலும் உண்டு. கடவுச்சீட்டில் ஒரே பெயர் உடையவர்களைச் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம். முதலில் விதியைத் தொடவில்லை, சோதனையைத் தொட்டோம். மாக் மாடலை எடுத்துவிட்டு ஸ்டப் மாடலை வைத்தோம். ஒரே சொல் பெயரும் ஓரெழுத்து முன்னொட்டும் கொடுத்து, 'நீ செல்லத்தக்கதா?' என்று கேட்டோம். உள்ளே மெய்யான விதி இருந்ததால் உடனே 'இல்லை' என்றது. சிவப்பு! ஒரு சிவப்பைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்தது அதுவே முதல் முறை. பிறகு சர்நேம் கட்டாயம் இல்லை என்று விதியை மாற்றினார் மூத்தவர். பிழையைச் சொல்லும் வரியும் பக்கத்தில் ஏறியது. இறுதியாக, எந்தப் போலியும் இல்லாமல், மெய்யான உலாவியில் படிவத்தை நிரப்பி மெய்யான பெட்டகத்தில் சேரும் வரை பார்க்கும் முழுச் சோதனை ஒன்றையும் எழுதினோம். ரெயில்ஸில் 2017 முதல் அதற்கு வசதி உள்ளேயே இருக்கிறது. மெதுவாகத்தான் ஓடும். ஆனால் வாசல் முதல் கொல்லை வரை நடந்து பார்ப்பது அது ஒன்றே. மறுநாள் மாலை அந்த மாணவியின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. "வந்துடுச்சு அண்ணா, நம்பர் வந்துடுச்சு" என்று அவள் சொன்ன குரலில் இருந்த நிம்மதியை எந்தப் பச்சை விளக்கும் எனக்குத் தந்ததில்லை.

இதிலிருந்து நான் எண்ணிப் பார்த்தது இதுதான். போலியிடம் நாம் கேட்பது நம் குரலையே. நாம் சொல்லிக் கொடுத்ததை அது திருப்பிச் சொல்கிறது. கன்ட்ரோலர் சரியான கதவைத் தட்டுகிறதா என்பதற்கு அதன் சாட்சி செல்லும். கதவுக்குப் பின்னால் இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பதற்குச் செல்லாது. இந்தக் குறையை அறிந்துதான் ஆர்ஸ்பெக் மூன்றாம் பதிப்பில், மெய்யான வகுப்பில் இல்லாத செயலைப் போலிக்குக் கற்பித்தால் தடுத்து நிறுத்தும் போலி வகை ஒன்றைச் சேர்த்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதுவும் செயல் உண்டா என்று பார்க்குமே தவிர, அந்தச் செயல் என்ன விடை சொல்லும் என்று பார்க்காது. வர்மாவை அங்கே நிறுத்தினால் அதுவும் வர்மாவைத்தான் நிறுத்தும்.

வர்மாவை நிறுத்தியவர் கெட்டவர் அல்லர். ஒரு பெயர் வேண்டியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரரின் பெயரைப் போட்டார். அவர் பிறந்த ஊரில் எல்லார்க்கும் சர்நேம் உண்டு. மனத்தில் இருந்த மனிதரே சோதனையிலும் வந்து நின்றார். ஆகவே, இத்தகைய தளங்களைக் கட்டும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் துறைகளில் படித்துவிட்டு ஆண்டுதோறும் எத்தனையோ பேர் அந்த வேலைக்குத்தான் போகிறார்கள். போலி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் வேலை நடக்காது. பணம், மடல், அயல் நிறுவனம் ஆகிய எல்லைகளில் போலியை நிறுத்துங்கள். விதிகளைச் சோதிக்கும் இடத்தில் மெய்யையே நிறுத்துங்கள். ஒரு வழியையாவது போலியே இல்லாமல் முழுதாக நடந்து பாருங்கள். போலிக்குப் பெயர் சூட்டும்போது விடுதி வராந்தாவில் ஒரு முறை நடந்து வாருங்கள். மிசோரத்து நண்பர் இருக்கிறார். பெயருக்குப் பின்னால் ஊரும் வீடும் முதலெழுத்துகளாக நிற்கும் மலையாள நண்பர் இருக்கிறார். ஒரே பெயரோடு வந்த நம் முதலாண்டுத் தம்பி தங்கையர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரையும் சோதனையில் எழுதுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். எழுதாமல் விட்டால், எங்கோ ஒரு மாணவி பேருந்து ஏறி நகரத்துக்கு வந்து, ஊமையாக நிற்கும் ஒரு பக்கத்தின் முன்னால் காத்திருக்க வேண்டியிருக்கும்.